இரண்டு வீட்டுக்கு ஒரு புகைபோக்கி

எங்கள் கூரைமேல் நிற்கும் புகைபோக்கியில் பாதி என்னுடையது, பாதி என் தங்கச்சியுடையது. அப்பா செத்த பிறகு வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பி இரண்டாகப் பிரித்தோம். அறையைப் பிரிக்கலாம், கொல்லையைப் பிரிக்கலாம், கிணற்றைக்கூட முறை வைத்துப் பிரிக்கலாம். புகைபோக்கியை எப்படிப் பிரிப்பது? அது அந்தச் சுவருக்கு நேர் மேலே செங்கல் தூணாக நிற்கிறது. உள்ளே இரண்டு வழி. ஒன்றில் என் கணப்பின் புகை போகும், இன்னொன்றில் அவள் கணப்பின் புகை போகும். இரண்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் தடுப்பு. அவ்வளவுதான்.

சமையலுக்கு காஸ் இருக்கிறது. கணப்பு குளிருக்கு. எங்கள் ஊர் தீவு. காற்றுக் காலம் வந்தால் படகு நிற்கும், கரண்டு போகும், சுவரெல்லாம் வேர்த்து ஒழுகும். அந்த மாதங்களில் கணப்பில் தீ இல்லாவிட்டால் வயசானவர்கள் விறைத்துப் போவோம்.

எனக்கும் தங்கச்சிக்கும் பேச்சு கிடையாது. ஏன் என்று கேட்டால் நான் ஒன்று சொல்வேன், அவள் ஒன்று சொல்வாள். நான் சொல்வதுதான் உண்மை. பேச்சு கிடையாது என்றால் வாயை மூடிக்கொண்டிருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம். அவள் கோழியைப் பார்த்துப் பேசுவாள், நான் சுவரைப் பார்த்துப் பேசுவேன். யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேரும்.

போன காற்றுக் காலத்தில் என் வீட்டுக்குள் புகை வர ஆரம்பித்தது. நான் தீ மூட்டாத நாளிலும் வந்தது. கணப்பின் வாயிலிருந்து மெதுவாக, பூனை மாதிரி வரும். படுக்கை, துணி, சாப்பாடு எல்லாவற்றிலும் தார் வாடை. தங்கச்சி உடைந்த படகுப் பலகையைத்தான் எரிப்பாள். அந்த வாடை வேறு யாருடையது?

என் மனைவிக்கு ஏற்கெனவே இளைப்பு. புகை வந்த பிறகு இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்கினாள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ ஓலை கிழிப்பது போலச் சத்தம். டாக்டர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "இன்னொரு சீசன் இந்தப் புகையில இருந்தாங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார். எப்போதுதான் அவர் பொறுப்பு?

இது அக்கரையில் இருக்கிற எங்கள் மகனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. போன் போட்டான்.

"கடைசிப் படகுக்கு ஒரு வாரம் முன்னாடி வர்றேன்ப்பா. வீட்ல புகை நின்னுருந்தா சரி. இல்லன்னா அம்மாவ அந்தப் படகுலயே கூட்டிட்டுப் போயிடுவேன்."

"கூட்டிட்டுப் போய்?"

"என் வீட்ல வச்சுப் பாத்துக்குவேன்."

"உன் புள்ளைங்கள அவ பாத்துக்குவான்னு சொல்லு."

போனை வைத்துவிட்டான். கடைசிப் படகு போனால் மறுபடி கடல் திறக்க மாதக்கணக்காகும். அதற்கு மேல் ஒருத்தி திரும்பி வந்து இந்த ஈரச் சுவருக்குள் உட்காருவாளா? எனக்குத் தெரியும். போனால் போனதுதான்.

கொத்தனாரைக் கூப்பிட்டேன். தீவில் புகைபோக்கி வேலை தெரிந்தவன் ஒருத்தன்தான். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் ஊரில் அவனுக்கு, சுவர் கோணாமல் இருக்கிறதா என்று பார்க்கிற கருவியின் பேரையே வைத்து, ரசமட்டம் என்று பேர். ஐம்பது வயசு. நாக்கு அவன் சாந்து பூசுகிற கரணையைவிடக் கூர்மை. வந்து வாசலில் நின்றபடியே கூரையை அண்ணாந்து பார்த்தான். சாய்ந்த கழுத்துக்கு அது பொருத்தமாக இருந்தது.

"எப்ப பெரியவரே இதுக்குக் கடைசியா சாந்து வச்சது?"

"எங்கப்பா காலத்துல."

"அப்ப செங்கல்லு ஒண்ணுமேல ஒண்ணு பழக்கதோஷத்துல நிக்குது. உப்புக் காத்து சாந்தத் தின்னுருச்சு. உள்ள என்ன கதையோ, புகை விட்டுப் பாத்தாத்தான் தெரியும். ரெண்டு வீட்லயும் ஆள் இருக்கணும்."

"அந்த வீட்டம்மா கதவத் திறக்க மாட்டா."

"திறப்பாங்க. நேத்தே என்னக் கூப்பிட்டாங்க."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. "அவளா? எதுக்கு?"

"உங்க புகை அவங்க வீட்டுக்குள்ள வருதாம். நீங்க வேணும்னே ஈர விறகு எரிக்கிறீங்களாம்."

இதைக் கேட்டு என் மனைவி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. அப்புறம் வெகுநேரம் நிற்கவில்லை.

கொத்தனார் மேலே ஏறி ஈரச் சாக்கால் புகைபோக்கியின் தலையை மூடினான். என் கணப்பில் பழைய கயிற்றைப் போட்டுக் கொளுத்தச் சொன்னான். பிறகு என்னைப் பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பார்க்கச் சொன்னான். போக மாட்டேன் என்றேன். "அப்ப நான் இறங்கிடறேன்" என்றான். போனேன்.

பல வருஷம் கழித்து அந்த வீட்டுக்குள் கால் வைத்தேன். தங்கச்சி நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. காலடியில் நின்ற கோழியைப் பார்த்தாள்.

"பாத்தியா, நம்ம வீட்டுக்கும் மனுஷங்க வர்றாங்க. செருப்பக் கழட்டணும்னு மட்டும் தெரியல."

நான் சுவரைப் பார்த்து, "செருப்பக் கழட்டுற மாதிரி தரை இருந்தா கழட்டலாம்" என்றேன்.

அதற்குள் அவள் கணப்பின் வாயிலிருந்து புகை வந்தது. கயிற்று வாடை. என் கயிறுதான். அது நேராக அவள் முகத்துக்குப் போயிற்று. அவள் இருமினாள். எனக்குத் திருப்தியாக இருந்தது என்று சொன்னால் என்ன தப்பு?

பிறகு அவள் பக்கம் தீ வைத்துப் பார்த்தான். என் வீட்டுக்குள் தார்ப் புகை கொட்டியது. கொத்தனார் இறங்கி வந்து, இரண்டு வாசலுக்கும் நடுவில் தெருவில் நின்றுகொண்டு சொன்னான்.

"ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. தடுப்பு உள்ள விழுந்து கெடக்கு. இவுங்க புகை அங்க, அவுங்க புகை இங்க. யாரும் யாருக்கும் சூனியம் வைக்கல. கூரை மட்டத்துலருந்து மேல முழுசாப் பிரிச்சு, தடுப்பும் சேத்துக் கட்டணும். சுண்ணாம்புச் சாந்துலதான் கட்டுவேன், இந்தப் பழைய கல்லுக்கு சிமெண்ட் ஒத்துக்காது. சுண்ணாம்பு இறுக நேரம் எடுக்கும். நான் சொல்றவரைக்கும் ரெண்டு வீட்லயும் தீ கூடாது. ஒருத்தர் மூட்டுனா ரெண்டு பேருக்கும் போச்சு."

"நான் மூட்ட மாட்டேன். அங்க மூட்ட மாட்டாங்கன்னு யார் சொல்றது?" என்றேன்.

"எங்களுக்கும் அதே சந்தேகம்தான்னு சொல்லுங்க கொத்தனாரே" என்றாள் அவள்.

கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டான். இப்படிப்பட்ட வீடுகளை அவன் முன்பே பார்த்திருக்கிறான் போல. அதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. இரண்டு கணப்பின் வாயையும் சாந்து இல்லாமல் செங்கல் அடுக்கி அடைப்பான். மேலே களிமண் பூசுவான். மண் ஈரமாக இருக்கும்போதே அந்த வீட்டுக்காரர் இந்த வீட்டுக் கணப்பிலும், இந்த வீட்டுக்காரர் அந்த வீட்டுக் கணப்பிலும் உள்ளங்கையை அழுத்த வேண்டும். யாராவது அடைப்பைப் பிரித்துத் திருட்டுத்தனமாகத் தீ மூட்டினால் கைத்தடம் கலைந்துவிடும்.

நான் அவள் கணப்பில் கையை அழுத்தினேன். அவள் என் கணப்பில் அழுத்திவிட்டு, என் மனைவியிடம், "என்ன அண்ணி, கைநாட்டு ஆளுக்கு இது வசதியாப் போச்சு" என்றாள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். மெதுவாகப் போடுவேன். அவ்வளவுதான்.

வேலை ஆரம்பித்தது. சாரம் கட்டினான், பழைய செங்கல்லைப் பிரித்து இறக்கினான். நான் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். பார்க்காமல் எப்படி? இந்தத் தீவில் கொத்தனார்கள் கடற்கரை மணலை அள்ளிக் கலப்பார்கள். அந்த மணலில் உப்பு. அது முதல் மழையிலேயே சாந்தை உதிர்த்துவிடும். மணல் குவியலிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன்.

மேலேயிருந்து பார்த்துவிட்டான். "எப்படி இருக்கு பெரியவரே? இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"கரிக்குது."

"என்னது?"

"உப்புக் கரிக்குதுய்யா. கடல் மணல கொண்டாந்து ஏமாத்துறியா?"

இறங்கி வந்துவிட்டான். வாளியிலிருந்து நல்ல தண்ணீர் மொண்டு என் முன்னால் நீட்டினான். "வாயக் கொப்பளிச்சுட்டு நக்குங்க. பொறந்ததுலருந்து உப்புக் காத்துலயே கெடக்குற நாக்கு. உங்க நாக்குல சர்க்கரைய வச்சாலும் கரிக்கும்."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தங்கச்சியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கோழியைப் பார்த்துச் சிரித்திருப்பாள். நான் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தேன். அப்போது கரிக்கவில்லை. அதற்காக அவன் யோக்கியன் என்று ஆகிவிடுமா? குவியலில் மேல் மணல் வேறு, அடி மணல் வேறு.

என் மனைவி டீ கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்தாள். "அவரு அப்படித்தான் தம்பி. கல்யாணத்தன்னிக்கு என் கழுத்துத் தங்கத்தையே ஒரசிப் பாத்தவரு. மனசுல வச்சுக்காதீங்க."

"உங்களுக்காகத்தான்க்கா செய்றேன்" என்றான். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

தீ இல்லாத வீட்டில் குளிர் ஏறியது. மனைவிக்கு இரண்டு போர்வை போர்த்தினேன், என் கம்பளிச் சட்டையையும் போட்டுவிட்டேன். அப்படியும் இளைப்பு அதிகமானது. ஒரு நாள் காலையில் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. அங்கே கூட்டம். திரும்பி வரும்போது மதியம் தாண்டிவிட்டது. பார்த்தால் புகைபோக்கியின் நாலு பக்கச் சுவரும் ஆள் உயரத்துக்கு ஏறியிருந்தன. கொத்தனார் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"தடுப்பு?" என்றேன்.

"கட்டியாச்சு."

"எப்ப?"

"நீங்க இல்லாதப்ப. நிம்மதியா இருந்துச்சு, கை ஓடுச்சு."

"நான் பாக்கலியே."

"அதுக்கு நான் என்ன பண்றது? கட்டுனத ஒருக்காப் பிரிச்சுக் காட்டவா? நாளன்னிக்கு நானே சாக்கப் போட்டு மூடி, ரெண்டு வீட்லயும் புகை விட்டுக் காட்டறேன். அதுவரைக்கும் யாரும் ஏறாதீங்க. சாந்து பச்சையா இருக்கு."

அவன் போய்விட்டான். நான் உட்கார்ந்து யோசித்தேன். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, வெளியே தெரியாத தடுப்பை ஏன் கட்டினான்? வெளிச்சுவரோடு நிறுத்தியிருக்கலாமே? அவனே புகை விட்டுக் காட்டுவானாம். காட்டுகிறவன் தனக்கு வேண்டியதைத்தான் காட்டுவான். சாக்கைத் தளர்வாகப் போட்டால் புகை மேலே போய்விடும், யார் கண்டது? மகன் மறுநாள் படகில் வருகிறான். அவன் கண் முன்னால் என் கணப்பிலிருந்து தங்கச்சி வீட்டுப் புகை வந்தால், என் மனைவி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். எனக்கு முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும்.

கணப்பைத் திறந்து பார்க்க முடியாது. தங்கச்சியின் கை அதன்மேல் இருக்கிறது. ஆகவே மேலேயிருந்துதான் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் டார்ச்சைக் கயிற்றில் கட்டினேன். காற்றுக்கு ஆடாமல் நேராக இறங்க வேண்டுமே என்று கூடவே தூண்டில் ஈயக்குண்டு ஒன்றையும் சேர்த்துக் கட்டினேன். பெரியது, ஆழ்கடலுக்குப் போடுவது. ஏணியில் ஏறினேன். என் வயசில் ஏணி ஏறுவது சும்மா இல்லை. மேலே போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். இருட்டு. டார்ச்சை என் பக்க வழியில் இறக்கினேன்.

தடுப்பு இருந்தது. நல்ல தடுப்பு. கோடு போட்ட மாதிரிச் செங்கல்லும் சாந்தும் கீழே இறங்கிப் போயின. அதோடு நான் இறங்கியிருக்கலாம். ஆனால் மேலே நாலு வரிசை மட்டும் கட்டிவிட்டுக் கீழே விட்டிருந்தால்? இன்னும் கொஞ்சம் கயிறு விட்டேன். இன்னும் கொஞ்சம். கடலிலிருந்து ஒரு காற்று வந்து முதுகில் அடித்தது. நான் ஏணியைப் பிடித்தேன், கயிறு ஆடிற்று. குண்டு போய்த் தடுப்பில் மோதியது.

முதலில் ஒரு செங்கல் போனது. 'தொப்' என்று ஒரு சத்தம். பிறகு அதற்கு மேலிருந்தவை எல்லாம், ஒன்றின்பின் ஒன்றாக, தங்கச்சியின் பக்கத்துக்குச் சரிந்தன. கீழே அவள் வீட்டுக்குள் ஏதோ உடைகிற சத்தம், கோழி அலறுகிற சத்தம்.

பிறகு அவள் கொல்லைக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள். தலையெல்லாம் கரி. இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக, கோழியிடம் இல்லாமல், நேராக என்னிடமே பேசினாள்.

"ஏய் பெரிய மனுஷா! அங்க என்ன புடுங்கிட்டு நிக்கிற?"

"பாத்துட்டிருந்தேன்."

"பாத்தியா? நல்லாப் பாத்துக்கிட்டியா? வந்து பாரு, உன் கைத்தடத்தோட சேத்து அடைச்சு வச்ச செங்கல்லு மொத்தமும் என் நடுவீட்ல கெடக்கு!"

கொத்தனார் மறுநாள் காலையில் வந்தான். அவனுக்கு யார் சொன்னது என்று கேட்க வேண்டியதில்லை. மேலே ஏறிப் பார்த்தான். இறங்கினான். கரணை, தூக்குக்குண்டு, சுத்தியல் எல்லாவற்றையும் பையில் போட்டான். அவன் திட்டியிருந்தால் நான் திருப்பித் திட்டியிருப்பேன்.

"கல்லு சரியா ஒட்டல. அதான் விழுந்துச்சு" என்றேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். "பெரியவரே, பச்சைச் சாந்துமேல ஈயக்குண்ட ஊஞ்சல் ஆட்டுனா கோட்டைச் சுவரே விழும். இனிமே நீங்க இந்த வீட்ல இருக்குறவரைக்கும் நான் ஏணியில கால வைக்க மாட்டேன்."

"இது என் வீடு. நான் எங்க போவேன்?"

"அது உங்க பாடு."

அவன் தெருவில் இறங்கும்போதே மகன் படகுத்துறையிலிருந்து வந்துகொண்டிருந்தான். வாசலுக்கு வந்ததும் கூரையைப் பார்த்தான், கொத்தனாரின் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். உள்ளே போய் அம்மாவின் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தான்.

"படகுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்குடா" என்றேன்.

"அதுக்குள்ள நீங்க வீட்டையே இடிச்சிடுவீங்க."

"நான் உன் அம்மாவுக்காகத்தான் ஏறுனேன்."

"ஒரே ஒரு நாள் ஒரே ஒரு ஆள நம்பிப் பாருங்களேன்ப்பா. என்ன குறைஞ்சு போயிடும்?"

"நம்பித்தான் உன்னப் படிக்க அனுப்புனேன். அக்கரையிலயே நின்னுட்ட."

என் மனைவி கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து, மகன் மடித்து வைத்த துணிகளை ஒரு பழைய புடவையில் மூட்டையாகக் கட்டினாள்.

"கடலைத் தாண்டி நான் வரல" என்று அவனிடம் சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. உடனே என் பக்கம் திரும்பினாள். "இங்கயும் இருக்கல."

"வேற எங்க போவ?"

அவள் மூட்டையை மகன் கையில் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கினாள். பத்தடிதான். தங்கச்சி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

தங்கச்சி கையில் துடைப்பத்தோடு வந்தாள். "வாங்க அண்ணி. பின்னாடி ரூம்ல கணப்பே கெடையாது. காத்தும் வராது, புகையும் வராது. அங்க படுத்துக்கலாம்." பிறகு குரலை உயர்த்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அந்த ஆளு மட்டும் வாசப்படி ஏறக் கூடாது" என்றாள்.

"அவரு ஏற மாட்டாரு" என்றாள் என் மனைவி. யாரைக் கேட்டுச் சொன்னாள்?

அன்று படுத்துக் காதைச் சுவரில் வைத்துக் கேட்டேன். பேச்சுக் குரல் வந்தது. வார்த்தை பிடிபடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான், வேறு என்ன இருக்கிறது சிரிக்க? சுவரை ஓங்கிக் குத்தினேன். சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருமல் கேட்கவில்லை. விடியும்வரை கேட்டேன், இருமல் கேட்கவே இல்லை.

இப்போது எனக்கு இரண்டு பயம். மகன் கூட்டிப்போவது ஒரு பயம். இன்னொன்று அதைவிட மோசம். அவள் அங்கேயே சௌகரியமாக இருந்துவிட்டால்?

கொத்தனார் வீட்டுக்குப் போனேன். அவன் உட்கார்ந்து கருங்கல் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கட்டு. நான் வீட்ல இருக்கல" என்றேன்.

"எங்க இருப்பீங்க?"

"படகுத்துறையில."

"எட்டிப் பாக்க வருவீங்க."

"வர மாட்டேன்."

"நான் எப்படி நம்புறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னையே இப்படிக் கேட்கிறானே! பல்லைக் கடித்துக்கொண்டேன். "என் மகன காவலுக்கு வச்சுக்க. அவனுக்கு என்னைய விரட்டுறதுன்னா ரொம்பப் பிடிக்கும்."

அந்த வாரம் முழுக்கப் படகுத்துறையில் கிடந்தேன். காலையில் போவேன், இருட்டும்போது வருவேன். டிக்கெட் கொடுக்கிறவன் என்னைக் கண்டாலே முகத்தைச் சுளித்தான்.

"அக்கரைக்கா பெரியவரே?"

"இல்ல."

"யாரையாவது கூப்பிட வந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப பெஞ்ச விடுங்க. பயணிங்க உக்கார்ற எடம்."

மீன் கூடைமேல் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் எங்கள் புகைபோக்கி தெரியும். அதற்குப் பக்கத்தில் சாய்ந்த தலை ஒன்று ஏறும், இறங்கும். கை தெரியாது, கரணை தெரியாது, என்ன மணல், என்ன சாந்து, எத்தனை வரிசை, ஒன்றும் தெரியாது. முதுகுக்குப் பின்னால் யாரோ என் சட்டைப் பையில் கை விடுகிற மாதிரி இருந்தது. எழுந்து நாலடி நடப்பேன். தெரு முனையில் மகன் நின்றுகொண்டிருப்பான். திரும்பி வந்து கூடைமேல் உட்காருவேன்.

கடைசிப் படகு கிளம்புகிற அன்று காலையில் மகன் வந்து கூப்பிட்டான். "கொத்தனார் வரச் சொன்னாரு. புகை விட்டுப் பாக்கப் போறாரு. சூடு படக் கூடாதாம், ஒரு பிடி ஈர வைக்கோல்தான்."

நான் என் வீட்டுக் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன். அடைப்பை எடுத்திருந்தார்கள். மகன் என் பக்கத்தில் நின்றான். கொத்தனார் மேலே சாக்கைப் போட்டு மூடினான். அந்தப் பக்கம் தங்கச்சி வைக்கோலைக் கொளுத்தினாள். சுவருக்கு அப்பாலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"இங்க நல்லாப் புகையுது. அங்க வருதா?"

கணப்பின் வாயைப் பார்த்தேன். கறுப்பாக, காலியாக இருந்தது. தலையை உள்ளே விட்டு முகர்ந்தேன். சுண்ணாம்பு வாடை மட்டும்தான்.

"வரல!" என்று கத்தினேன்.

"லேசா வாடை வர்ற மாதிரி இருக்கும்மா" என்றான் மகன்.

"எங்கடா வருது?"

"எனக்கு வருதே."

"உனக்கு வரும். வந்தாத்தான உங்கம்மாவ மூட்டை கட்டலாம்!"

"உங்களுக்கு வராது. வந்தா அவங்க போயிடுவாங்களே!"

அந்தப் பக்கம் தங்கச்சியின் குரல். "அண்ணி, ரெண்டு பேரையும் நம்பாதீங்க. ஒருத்தன் வந்தாலும் வரலம்பான், இன்னொருத்தன் வராமலே வருதும்பான்."

பிறகு தெருவில் செருப்புச் சத்தம். என் மனைவி உள்ளே வந்தாள். ஒரு வாரமாக நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மூச்சு முட்டி உதட்டில் ஏறியிருந்த நீலம் போயிருந்தது. என்னை விலக்கிவிட்டுக் கணப்புக்கு முன்னால் முட்டி போட்டாள்.

"வேணாம்மா, இளைப்பு வந்துரும்" என்றான் மகன்.

"வந்தாத் தெரிஞ்சுடும்ல."

தலையை உள்ளே விட்டாள். நெஞ்சு நிறைய இழுத்தாள். வைக்கோல் புகை ஒரு இழை இருந்தாலும் போதும், அவளுக்கு ஓலை கிழிகிற சத்தம் வந்துவிடும். இன்னொரு முறை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். எந்தச் சத்தமும் இல்லை.

முந்தானையில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். மகனைப் பார்த்து, "மூக்கச் சிந்திட்டு மோந்து பாருடா. படகுக்கு நேரமாச்சு, நீ கெளம்பு" என்றாள். அவன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் கன்னத்தைத் தொட்டாள். அவன் பையை எடுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமலே இறங்கிப் போனான்.

மேலேயிருந்து கொத்தனார் கூரை ஓட்டைத் தட்டினான். "என்னாச்சுக்கா?"

"வரல தம்பி! நல்லா இருக்கு!"

"பெரியவரு என்ன சொல்றாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமினேன். "பரவால்ல" என்றேன்.

"என்னது? கேக்கல!"

"பரவால்லன்னேன்யா!"

நான் போய்க் கட்டில்மேல் விரிப்பை உதறிப் போட்டேன். அவளுடைய தலையணையை எடுத்து வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மூட்டைய எடுக்கப் போறியா?"

"இல்லங்க. வடக்குக் காத்து எழும்பட்டும். அந்தக் காத்துல தீ மூட்டிப் பாத்து, அப்பவும் புகை வரலன்னா வர்றேன்."

"இப்பத்தான மோந்து பாத்த? நீயே சொன்னியே, வரலன்னு?"

"சொன்னேன். ஒரு தடவ பாத்தா போதுமா? நீங்க பாப்பீங்களா?"

இத்தனை வருஷம் என்னோடு இருந்திருக்கிறாள்.

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"காஸ ஒழுங்கா மூடிட்டுப் படுங்க. ராத்திரி சுவத்தக் குத்தாதீங்க, அவளுக்குத் தூக்கம் கெடுது."

பத்தடி நடந்து அந்த வீட்டுக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அது தங்கச்சியின் கை. என் மனைவிக்குப் பகலில் தாழ் போடுகிற பழக்கம் கிடையாது.